ரப்பி சேர்த்த புத்தகம் யாருக்குச் சொந்தம்? ஓப்பன்ஹைம் நூலகமும் ஷ்னீர்சன் நூலகமும்

பழைய ஹீப்ரு சமய நூல்கள்னு பேச ஆரம்பிச்சாலே பேச்சு நேரா விலைக்குப் போயிடுது. 2015 டிசம்பர்ல நியூயார்க் சாதபிஸ் ஏலத்துல, 16ஆம் நூற்றாண்டுல வெனிஸ்ல போம்பெர்க்ங்கிற அச்சகக்காரர் அச்சடிச்ச தால்முத் (யூத சமயச் சட்ட விவாதத் தொகுப்பு) செட் 93 லட்சம் டாலருக்குப் போச்சு, அதைத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அதைவிடப் பெருசாப் படற கேள்வி, ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, ஆயுசு பூரா சேர்த்த நூலகம் அவர் காலத்துக்கு அப்புறம் எங்க போய்ச் சேரணும்கிறதுதான். இதுக்கு வரலாற்றுல ரெண்டு நேரெதிர் பதில் இருக்கு.

முதல்ல டேவிட் ஓப்பன்ஹைம். 1664ல வோர்ம்ஸ் ஊர்ல பிறந்தவர், பின்னாடி ப்ராக் நகரத் தலைமை ரப்பி. வியன்னா அரண்மனைக்கே கடன் கொடுத்த சாமுவேல் ஓப்பன்ஹைமர் இவரோட சித்தப்பா பெரியப்பா முறை, அதனால காசுக்குப் பஞ்சமில்ல. சும்மா வாங்கிக் குவிக்கல, புதுசா அச்சாகுற புத்தகத்தைத் தனக்குன்னு நீலத் தாள்லயும் தோல் தாள்லயும் தனியா அடிச்சுத் தரச் சொல்லி வாங்கியிருக்கார். ஆனா ப்ராக்ல கத்தோலிக்க சென்சார் கெடுபிடி, எந்த நேரம் எந்தப் புத்தகத்தைப் பறிப்பாங்கன்னு தெரியாது, அதனால மொத்தத்தையும் ஹனோவர்ல மாமனார் வீட்டுல வெச்சிட்டார். அவ்ளோ ஆசையா சேர்த்தவர் ஒரு ஊர்ல, புத்தகம் இன்னொரு ஊர்ல, இதை நினைச்சாலே எனக்கு மனசு என்னவோ பண்ணும்.

1736ல அவர் இறந்ததும் நூலகம் வாரிசுங்க கைக்குக் கை மாறி, கடைசியில ஹாம்பர்க்ல பெட்டியில அடைஞ்சு கிடந்துச்சு. யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோன் ஒரு காலத்துல 50,000 தாலருக்கு (அந்தக் கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) மேல மதிப்புப் போட்டதா சொல்லுவாங்க, ஆக்ஸ்ஃபோர்டோட போட்லியன் நூலகம் 1829ல வெறும் 9,000 தாலருக்கு வாங்கிடுச்சு. சுமார் 780 கையெழுத்துப் பிரதி, 4,000க்கு மேல அச்சுப் புத்தகம். அடிமாட்டு விலைதான், ஆனா சிதறாம ஒரே இடத்துல போய்ச் சேர்ந்துச்சே, அது பெரிய விஷயம்.

அடுத்தது லுபாவிச் ரெபேக்களோட ஷ்னீர்சன் நூலகம். லுபாவிச்ங்கிறது சபாத்ன்னும் பேருள்ள ஒரு யூத ஹசீதிய இயக்கம், அதோட வழிவழித் தலைமை குருதான் ரெபே. இங்க கதையே வேற. முதல் உலகப் போர்ல ஊரை விட்டுக் கிளம்பினப்போ ஐந்தாவது ரெபே புத்தகங்களைப் பத்திரமா இருக்கட்டும்னு மாஸ்கோவுக்கு அனுப்பினார், ரஷ்யப் புரட்சி வந்துச்சு, சுமார் 12,000 புத்தகமும் சோவியத் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. மகன் யோசெஃப் யிட்ஸ்காக், ஆறாவது ரெபே, மறுபடி சேர்க்க ஆரம்பிச்சார், 1940ல நாஜி பிடியில இருந்த வார்சாவுலேந்து தப்பிச்சு நியூயார்க் வந்தார், புத்தகத்துல ஒரு பகுதி பின்னாடி வந்துச்சு. 1985ல நியூயார்க் புரூக்ளின்ல, இயக்கத்தோட தலைமையகமான 770 ஈஸ்டர்ன் பார்க்வேல இருந்து புத்தகம் காணாமப் போகுது. பார்த்தா அந்த ஆறாவது ரெபேயோட பேரனே எடுத்துட்டுப் போயிருக்கார், சிலதை வித்தும் ஆச்சு, தாத்தா சொத்து எனக்கும் பங்குங்கிறது அவர் வாதம்.

கேஸ் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுக்குப் போச்சு. கேஸையே திருப்பிப் போட்டது ஒரு கடிதம். 1946ல ரெபே, போலந்துல மாட்டிக்கிட்ட புத்தகங்களை மீட்க உதவி கேட்டு அலெக்சாண்டர் மார்க்ஸ்ங்கிற அறிஞருக்கு எழுதினது, அதுல இது சமூகத்தோட சொத்துன்னு தெளிவா இருக்கு. காரியம் ஆகணும்னு அப்படி எழுதினார்னு எதிர்த்தரப்பு சொன்னாங்க, அப்பேர்ப்பட்ட மனுஷன் மனசுல ஒண்ணு கடிதத்துல ஒண்ணுன்னு எழுதுவாரான்னு நீதிபதி ஏத்துக்கல. ரெபேயோட மகள் சாயா முஷ்கா வாக்குமூலத்துல, அப்பாவே ஹசீதிம்களுக்கு (இயக்கத்தைப் பின்பற்றுற சீடர்களுக்கு) சொந்தம், அப்போ புத்தகமும் அவங்களோடதுதான்னு சொன்னார். 1987 ஜனவரி 6ல தீர்ப்பு சபாத் பக்கம். இன்னிக்கும் அந்த நாளைக் கொண்டாடுறாங்க, அன்னிக்குப் புதுப் புத்தகம் வாங்குறது வழக்கமாவே ஆயிடுச்சு.

இந்தப் புத்தகங்களைக் கிட்டப் பார்த்தா இந்தச் சண்டையெல்லாம் ஏன்னு புரியும். பழைய ஹீப்ரு புத்தகத்தோட முதல் பக்கத்துல சொந்தக்காரர் பேர் எழுதறதுக்கு முன்னாடி "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது"ங்கிற சங்கீதம் 24ஓட வரியை எழுதற பழக்கம் ரொம்ப காலமா இருந்துச்சு, எனக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி அவருக்குன்னு சொல்லிடறாங்க. உள்ள ஓரத்துல ரப்பி கைப்பட எழுதின குறிப்பு, கடைசிப் பக்கத்துல இத்தாலிய சென்சார் போட்ட கையெழுத்து, நடுவுல மை பூசி மறைச்ச வரிங்க. அகிவா எகெர்ங்கிற ரப்பி தன் தால்முத் ஓரத்துல எழுதி வெச்ச குறிப்புகள் பின்னாடி தால்முத்தோடயே அச்சாகி இன்னிவரைக்கும் மாணவர்கள் படிக்கிறாங்க. அதனால ஓரத்துல எழுத்து இருக்கிற அழுக்குப் பிரதிதான் எனக்கு ஒசத்தி, பளபளன்னு இருக்கிற முதல் பதிப்பு ரெண்டாவதுதான்.

சரி, எது மேல்? ஆராய்ச்சி பண்றவருக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான், சந்தேகமே இல்ல, கேட்லாக் இருக்கு, ஓப்பன்ஹைம் கையெழுத்துப் பிரதி பலதை வீட்டுலேந்தே இணையத்துல பார்க்கலாம். ஆனா அங்க அது ஆவணம் மட்டும்தான். புரூக்ளின்ல அதே குருபரம்பரையோட ஆளுங்க அந்த வரிகளை இன்னும் படிச்சு விவாதிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி உயிரோட ஒரு சமூகம் இருந்து, என்னோடதுன்னு கேட்டுச்சுன்னா, அவங்களுக்குத்தான் கொடுக்கணும்ங்கிறது என் கட்சி. ஓப்பன்ஹைமுக்கு அப்படி ஒரு பரம்பரை நின்னு கேட்கல, அதனால பொது நூலகம் சரியான இடம்.

இதனாலதான் மாஸ்கோ விஷயம், அதாவது அரசாங்கம் எடுத்துக்கிட்ட அந்த 12,000 புத்தகம், உறுத்துது. 2010ல அமெரிக்க நீதிபதி திருப்பிக் கொடுன்னார், 2013ல நாளுக்கு 50,000 டாலர் அபராதமும் போட்டார், ரஷ்யா ஏத்துக்கவே இல்ல, அதுக்குள்ள அமெரிக்க மியூசியங்களுக்கு ஓவியம் கடன் கொடுக்கிறதையும் நிறுத்திடுச்சு. 2013லயே புத்தகங்களை மாஸ்கோ யூத மியூசியத்துக்கு மாத்தத் தொடங்கினாங்க, சொந்தம் மட்டும் அரசுக்கே. அங்க உள்ளவங்க உட்கார்ந்து படிக்கலாம், அந்த மட்டுக்கும் நல்லதுதான், ஆனா பத்திரமா இருக்கட்டும்னு கொடுத்து வெச்சவர் பக்கத்து ஆளுங்க நூறு வருஷமா கேட்டும் கைக்கு வரல.