அப்பாவின் கழுத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர்

யாழ்ப்பாணம் ரவுணில் 4,800 ரூபா கொடுத்து வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும். கழுத்தில் மாட்டக் கயிறு உண்டு, மெமரி கார்ட் போடலாம், ப்ளூடூத்தும் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. பாட்டுக் கேட்க என்றால் இதை வாங்க வேண்டாம். சத்தத்தைக் கூட்டினால் தகர டப்பாவுக்குள் இருந்து ஆரோ கதைப்பது போலிருக்கும். நான் வாங்கியது அப்பா நடக்க.

அப்பாவுக்கு 76 வயது. பாக்கின்சன் நோய் என்று கண்டுபிடித்து ஆறு வருடம். கை நடுக்கம்கூடப் பழகிவிட்டது, கால் ஒட்டிக்கொள்வதுதான் பழகவில்லை. விறாந்தையில் ஒழுங்காக நடந்து வருபவர், அறை நிலைப்படியைக் கண்டதும் நின்றுவிடுவார். மேலுடம்பு முன்னே சாயும், பாதம் வராது. "காலைத் தூக்குங்கோ அப்பா" என்று நாங்கள் சொல்லச் சொல்ல இன்னும் இறுகும். போன மாரியில் அப்படித்தான் ஒருநாள் விழுந்தார்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பிள்ளைதான் தாளத்தைப் பற்றிச் சொன்னா. நடைக்கு உள்ளேயிருந்து தாளம் போட்டுக் கொடுக்கும் மூளைப் பகுதி, இந்த நோயில் டோபமின் என்ற மூளை இரசாயனம் குறைந்ததும் தடுமாறிவிடுகிறதாம். வெளியே இருந்து காதுக்குள் ஒரு தாளத்தை விட்டால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மைக்கேல் தவுட் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 1996இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தினமும் 30 நிமிடம், மூன்று வாரம், தாளம் கலந்த இசைக்கு நடந்த நோயாளிகளின் நடை வேகம் 25 வீதம் கூடியிருந்தது.

நாங்கள் தவிலுக்குப் பேர்போன இணுவில் ஆட்கள். தாளம் என்றதும் எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்? தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரில் கேட்டு வளர்ந்தவர் அப்பா. தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து, கார்டில் ஏற்றி, பெருமையோடு கழுத்தில் மாட்டிவிட்டேன். அப்பா ஓரடி வைக்கவில்லை. நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கும் கையால் தொடையில் தாளம் போட்டார். கோர்வை முடிந்ததும், "தம்பி, இது நடக்கிற சாமான் இல்லை, இருந்து கேக்கிற சாமான்" என்றார். சரிதானே. கணக்குப் பின்னிப் பின்னிப் போகிற தவிலில் கால் எதைப் பிடிக்கும்?

அப்புறம் அந்தப் பிள்ளை வந்து, அவர் தானாக நடக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினா: 88. அதைவிட ஐந்து முதல் பத்து வீதம் கூட்டி வைக்கச் சொன்னா. தவில் பழகும் மருமகனை இருத்தி, நிமிடத்துக்கு 96 தட்டு, ஒரு சோடனையும் இல்லாமல் 30 நிமிடம் வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்தோம். பாவம், பெடியனுக்கு அலுத்துப்போனது. ஆனால் அடுத்த நாள் காலை அப்பா அந்த நிலைப்படியை நிற்காமல் தாண்டினார். அம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்து பார்த்தா.

இப்போது ஸ்பீக்கருக்கு வருவோம். முதல் குறை, ப்ளூடூத். போனுக்கு அழைப்பு வந்தால் தாளம் நின்றுவிடும். ஒழுங்கையின் நடுவில், பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடிக்க, அப்பா அப்படியே ஒட்டிப்போனார். அன்றோடு ப்ளூடூத்தை விட்டோம், கார்ட் மட்டும்தான். இரண்டாவது குறை பொத்தான்கள். ரப்பர், கிட்டக் கிட்ட. நடுங்கும் விரல் ஒருதரம் அமத்தப் போய் இருதரம் அமத்தும், அடுத்த பாட்டுக்குப் பாய்ந்துவிடும். அதனால் கார்டில் அந்த ஒரே பதிவைத்தான் வைத்திருக்கிறோம், எங்கே பாய்ந்தாலும் அதே தாளம். போடும்போது ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கத்தும், அதைக் குறைக்க வழியே இல்லை. காலை ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு நாய்க்கு அதுதான் அலாரம். சார்ஜ் எட்டு மணித்தியாலம் என்று பெட்டியில் இருக்கிறது, ஐந்துதான் நிற்கிறது.

நடுக்கத்துக்கு இது ஒன்றும் செய்யவில்லை. குளிசையும் குறையவில்லை. குளிசை வேலை செய்யும் நேரத்தில்தான் தாளமும் நன்றாக எடுபடுகிறது, அது இறங்கும் நேரம் பாதிப் பலன்தான். ஆள் பக்கத்தில் இல்லாமல் தனியே நடக்க விடுவதுமில்லை.

வாங்க நினைப்பவர்கள் கார்ட் போடும் இடம் இருக்கிறதா, பொத்தான் பெரிதா என்று மட்டும் பாருங்கள். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிக் காட்டுவார், அதை விடுங்கள். அப்பா இப்போது காலையில் கந்தசுவாமி கோயில் வாசல்வரை போய்வருகிறார். போன கிழமை வழியில் சார்ஜ் இறங்கி, மிச்சத் தூரத்துக்கு நான்தான் கைதட்டிக்கொண்டு கூடவே வந்தேன். பின்னேரமே ரவுணுக்குப் போய் இதே சாமானில் இன்னொன்று வாங்கிவந்து சார்ஜில் போட்டுவிட்டேன்.