படபடப்புக்கு எது நல்லது? இளநீர், மெக்னீசியம், கேஸ் மாத்திரை: ஓர் அலசல்

நெஞ்சு படபடக்கிறது என்று சென்னையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், யோசனைகள் வரிசையாக வந்து விழும். "உடம்புச் சூடு, ஒரு இளநீர் குடிங்க" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. "மெக்னீசியம் கம்மியா இருக்கும், மாத்திரை போட்டுப் பாருங்க" என்பார் ஆபீஸ் நண்பர். "எல்லாம் கேஸ்தான்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்தே ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார் மாமா. மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றுமே சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம். எக்டோபிக், அதாவது இடையிடையே முந்திக்கொண்டு வரும் இதயத் துடிப்புகளோடு வாழ்கிறவன் என்ற முறையில் இவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சத்து மாத்திரையைவிடச் சாப்பாடு மேல். அந்த இரண்டையும்விட, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். நாம் யாரும் கேள்வி கேட்காமல் வருஷக்கணக்கில் விழுங்கும் கேஸ் மாத்திரையைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

எந்தப் படபடப்பு?

எல்லாப் படபடப்பும் ஒன்றல்ல. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அடுத்தது சற்றுத் தாமதித்து, 'திக்'கென்று நெஞ்சில் இடிப்பது எக்டோபிக். இதயம் நன்றாக இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதனால் தீங்கில்லை. திடீரென்று 150, 180 என்று ஓடி, அதே மாதிரி திடீரென்று நிற்பது பெரும்பாலும் எஸ்விடி, அதாவது இதயத்தின் மேற்பகுதியில் தொடங்கும் வேகத் துடிப்பு. மணிக்கட்டில் விரல் வைத்தால் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் நாடி தாறுமாறாக அடிப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள். பக்கவாதம் வரும் வாய்ப்பை இது சுமார் 5 மடங்காக்குகிறது. இளநீரா மாத்திரையா என்ற விவாதம் முதல் வகைக்குத்தான் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் உணவு உதவிக்கு வரலாம், வைத்தியமாக முடியாது.

ஆகவே முதல் செலவு ஈசிஜிக்கு. அதில் சிக்கவில்லையென்றால் 24 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் ஈசிஜி கருவி. ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் 10 சதவீதத்துக்கு மேல் எக்டோபிக் என்றால், தொந்தரவே தெரியாவிட்டாலும் டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். காலப்போக்கில் இதயத் தசை பலவீனமாகலாம். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், பொட்டாசியம், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் நான்கையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையாலோ தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனதாலோ படபடக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பயனில்லை.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஓடும்போதோ மாடி ஏறும்போதோ படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். இதய டாக்டரிடம் போங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இப்போதே இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இளநீரா, மோரா, ஓஆர்எஸ் கரைசலா?

கத்திரி வெயிலில் பெசன்ட் நகரில் வண்டி போட்டிருக்கும் இளநீர்க்காரர் "தண்ணிக்காயா, வழுக்கையா?" என்று கேட்டுக்கொண்டே அரிவாளால் மூன்று வெட்டு வெட்டி நீட்டும் காயில் 300 மில்லி தண்ணீர் இருந்தால், அதில் 600 முதல் 700 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும். நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 420. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கீரை, ஒரு பருப்பு, ஒரு பழம் என்று சாப்பிட்டாலே பெரும்பகுதி வந்துவிடும். வெள்ளைச் சோறும் அப்பளமும் ஊறுகாயுமாக ஓட்டினால் வராது.

ஆனால் வெயிலில் வியர்த்துக் கொட்டியபின் உடம்பு முதலில் இழந்திருப்பது சோடியம். வியர்வையில் பொட்டாசியம் குறைவு. இளநீரிலோ சோடியம் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் இங்கே இளநீரைவிடப் பொருத்தம், விலையும் குறைவு. வயிற்றுப்போக்கு வந்து படபடத்தால் இரண்டும் வேண்டாம், ஓஆர்எஸ்தான். லிட்டருக்குச் சோடியம் 75, பொட்டாசியம் 20, குளுக்கோஸ் 75 மில்லிமோல் என்பது 2002-ல் திருத்தப்பட்ட அளவு. குடல் உறிஞ்சும் வேகத்துக்கென்றே கணக்கிட்டது. பாக்கெட்டில் 'ஓஆர்எஸ்' என்று போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு சரக்கு. அந்தப் பெயரை அவை பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இளநீர் யாருக்கு ஆகாது? நான் ரொம்பக் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் தாளம் தப்பும், கூடினாலும் தப்பும். அளவுமீறிக் கூடினால் இதயம் நின்றே போகலாம். டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் எல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கும் பிரஷர் மாத்திரைகள். இவை பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும். ஸ்பைரனோலாக்டோன் இன்னும் அதிகமாக. அதோடு சர்க்கரை நோயால் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும் ஒரு பெரியவருக்கு, "உடம்புக்கு நல்லது" என்று தினம் இரண்டு இளநீர் வாங்கிக் கொடுக்கும் பாசமான பிள்ளையைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். 'லோ சோடியம்' உப்பும் இப்படித்தான். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பெரியவர்களுக்கு நல்லதென்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

நேர்மாறான கூட்டமும் உண்டு. கால் வீக்கத்துக்கும் இதயப் பலவீனத்துக்கும் ஃபுரோசமைடு மாதிரி நீர் மாத்திரை போடுகிறவர்கள் பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டையும் சிறுநீரில் இழக்கிறார்கள். அவர்களுக்கு டாக்டரே இளநீரைச் சொல்லலாம். ஒரே தெருவில் ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு விஷமாகிறது. நிர்ணயிப்பது மாத்திரைச் சீட்டும் கிரியேட்டினினும்தான்.

மெக்னீசியம்: மாத்திரையா, கேழ்வரகா?

மெக்னீசியத்துக்கும் தாளத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். டோர்சாட் என்ற உயிர்போகும் தாளக்கேட்டுக்கு ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே மெக்னீசியம்தான் ஏற்றுகிறார்கள். மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் ஏறாது. ஆனால் அளவு சரியாக இருக்கிறவர் மாத்திரை விழுங்கினால் எக்டோபிக் அடங்கும் என்பதற்குச் சான்று மிகச் சிறியது. இன்னொரு சிக்கல்: உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் சரியென்று வந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்ன தேவை, நாளொன்றுக்கு ஆணுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 146, எள்ளில் 350, பூசணி விதையில் 550. பாதாமிலும் முந்திரியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பாலிஷ் செய்த அரிசியில் மிகக் குறைவு. காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் கடற்கரையில் வாங்குவதைப் போல ஒரு கை சுண்டல், சோற்றில் எள்ளுப்பொடி, வாரத்தில் பல நாள் கீரை. இப்படிச் சாப்பிட்டால் மாத்திரைக்கு வேலை குறைவு. கூடவே பொட்டாசியமும் நார்ச்சத்தும் வருகின்றன, எந்த டப்பாவும் அதைத் தராது.

மாத்திரைதான் வேண்டும் என்றால், ஆக்சைடு வகை மலிவு, ஆனால் சரியாக உறிஞ்சப்படாமல் வயிற்றைப் போகவைக்கும். சிட்ரேட்டும் கிளைசினேட்டும் மேல். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகம் சரியில்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உடம்பில் தங்கிப்போய் இதயத்தை மந்தமாக்கும்.

கேஸ் மாத்திரையா, சீக்கிரச் சாப்பாடா?

திருவல்லிக்கேணியிலோ பெரம்பூரிலோ எந்த மெடிக்கல் ஷாப் வாசலில் ராத்திரி எட்டரைக்கு நின்றாலும் இதைக் கேட்கலாம்.

"தம்பி, அந்த கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுப்பா. வெறும் வயித்துல போடுவேனே, அது."

"டி போட்டதா, போடாததாம்மா?"

"எதுவோ, எப்பவும் குடுக்குறது."

அந்த 'டி'யில் விஷயம் இருக்கிறது. அது டோம்பெரிடோன். இதயத்தின் மின்னோட்டத்தில் 'க்யூடி' என்ற இடைவெளியை நீட்டக்கூடியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். 2014-லேயே ஐரோப்பிய மருந்து முகமை, இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தரச் சொன்னது. இங்கே அது பல வீடுகளில் மாதச் சாமான் பட்டியலில் இருக்கிறது. கூடவே கிளாரித்ரோமைசினோ ஃப்ளுகோனசோலோ சேர்ந்தால் இன்னும் மோசம். படபடப்பைத் தணிக்கப் போடும் மாத்திரையே தாளத்தைக் கெடுக்க முடியும் என்பதை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'டி' இல்லாமல் அமிலத்தை மட்டும் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ராபெப்ரசோல் எல்லாம் நல்ல மருந்துகள்தான், சில வாரங்களுக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் எடுத்தவர்களில் சிலருக்கு மெக்னீசியம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று 2011 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அதில் பார்த்த நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் சரியாகவில்லை, அமில மாத்திரையை நிறுத்திய பிறகே சரியானது. காலையில் அமில மாத்திரையும் ராத்திரி மெக்னீசியம் மாத்திரையும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆனால் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காக்கவே இதை எழுதியிருக்கலாம். அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. மற்றவர்களும் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரலாம், டாக்டரைக் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

மாமா சொன்ன 'கேஸ்' பொய்யில்லை. உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு ஒட்டிப் பின்னால் ஓடுகிறது. வயிற்றையும் இதயத்தையும் வேகஸ் நரம்பு இணைக்கிறது. வயிறு உப்பினால் நெஞ்சு தடுமாறும் என்பதை லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் டாக்டர் 1912-லேயே எழுதிவைத்தார். ராத்திரி பத்தரைக்கு நாலு பரோட்டா சால்னாவோடு சாப்பிட்டுப் படுத்தவுடன், அதுவும் இடது பக்கம் திரும்பியவுடன், 'திக் திக்' என்பதில் ஆச்சரியமில்லை. எட்டு மணிக்குள் அரை வயிறு, படுக்குமுன் மூன்று மணி நேர இடைவெளி, பருப்பு பயறை ஊறவைத்துச் சமைப்பது, மலச்சிக்கலில் முக்காமல் இருப்பது, தொப்பையைக் குறைப்பது. இத்தனைக்கும் காசு செலவில்லை. என் அனுபவத்தில் இதற்கு ஈடாக எந்த மாத்திரையும் இல்லை. உடல் பருமனுள்ள ஏஎஃப் நோயாளிகளிலும், எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களுக்குத் தாளம் ஒழுங்காக நிற்கும் வாய்ப்பு 6 மடங்கு கூடியதாக 2015-ல் அடிலெய்ட் ஆய்வு காட்டியது.

ஃபில்டர் காபியை விட வேண்டுமா?

பலருக்கு வேண்டாம். 2023-ல் அமெரிக்காவில் 100 பேரிடம் நடந்த சோதனையில், காபி குடித்த நாளில் மேலறை எக்டோபிக் கூடவில்லை. கீழறை எக்டோபிக் மட்டும் நாளுக்கு 102-லிருந்து 154 ஆனது, தூக்கம் 36 நிமிடம் குறைந்தது. 2025-ல் ஏஎஃப் உள்ள 200 காபிப் பிரியர்களைப் பிரித்துப் பார்த்ததில், தொடர்ந்து குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 64 சதவீதத்தினருக்கும் ஏஎஃப் திரும்ப வந்தது. காபி குடித்தபின் 'திக்' கூடினால் சாயங்கால டம்ளரை விடுங்கள், காலை டம்ளர் இருக்கட்டும். மதுவுக்கு இந்தச் சலுகை இல்லை. அது ஏஎஃப்-ஐத் தூண்டும்.

இன்னும் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் தொண்டைக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் வாங்கும் அதிமதுரம், தினமும் எடுத்தால் பொட்டாசியத்தை இறக்கித் தாளத்தைக் கெடுக்கும். மீன் எண்ணெய் மாத்திரையை நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்தால் ஏஎஃப் வாய்ப்பு கூடுகிறது. காசிமேட்டு நெத்திலியும் மத்தியும் குழம்பிலேயே இருக்கட்டும்.

கீரையும் ரத்தம் உறையா மாத்திரையும்

ஏஎஃப் உள்ளவர்கள் வீட்டில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் இது. முடக்குவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களும் செயற்கை வால்வு வைத்தவர்களும் அசெனோகூமரால் அல்லது வார்ஃபரின் எடுப்பார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அடியோடு ஒதுக்குவது தவறு. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்து மாத்திரையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் தினம் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் ஐஎன்ஆர் ஆடும். அபிக்சாபன், டாபிகாட்ரான் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது, முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடலாம். எந்த மாத்திரை என்று தெரியாமல் கீரையை நிறுத்திய வீடுகள் நிறைய. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நாட்டு மருந்து, சத்து டப்பா, கேஸ் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள்.