1420 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டிப் பெருக்கி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஹைட்ரஜன் அணு உமிழும் 1420.405 மெகாஹெர்ட்ஸ் அலைக்கென்றே செய்யப்பட்ட, பிற அலைகளைத் தடுக்கும் வடிகட்டியுடன் கூடிய குறை இரைச்சல் பெருக்கி (தன் இரைச்சலை அதிகம் சேர்க்காமல் மெல்லிய சமிக்ஞையை வலுவாக்கும் கருவி) ஒன்றை, ஒரு மீட்டர் டிஷ்ஷோடும் எஸ்டிஆர் டாங்கிளோடும் (கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் சிறு வானொலி ஏற்பி) இணைத்து ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பால்வெளி மண்டலத்து ஹைட்ரஜனின் சமிக்ஞை இப்போது திரையில் ஒரு மேடாகத் தெளிவாக எழுகிறது. ஆனாலும் நான் இக்கருவியை மெச்சுவதற்கு முதற்காரணம், எதிர்பாராமல் நுழையும் செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் மெய் எது, போலி எது என்று அது பிரித்துக் காட்டியதுதான்.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை எவரும் அலை பரப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. வடிகட்டி இல்லாத பழைய பெருக்கியை வைத்திருந்தபோது, அந்தப் பட்டைக்குள்ளேயே, வாட்டர்ஃபால் திரையில் (அலைவெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்) விட்டுவிட்டுத் தெரியும் சாய்வான கோடு ஒன்று சில நிமிடங்களில் பல கிலோஹெர்ட்ஸ் கீழிறங்கி மறைவதைப் பலமுறை கண்டேன். ஹைட்ரஜன் இப்படி ஓடாது. அது தன் இடத்தில் அசையாமல் நிற்கும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக வரும். நிமிடக் கணக்கில் சரியும் கோடு, நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கு மேலே கடந்துபோகும் செயற்கைக்கோளின் டாப்ளர் சுவடு, அதாவது கோள் நெருங்கி விலகும்போது அதன் அலைவெண் மாறித் தெரிவது.

புதிய பெருக்கியை மாட்டியதும் அக்கோடு அறவே மறைந்தது. அப்படியானால் அது அந்தப் பட்டையில் வந்ததே அல்ல. 1616 முதல் 1626.5 மெகாஹெர்ட்ஸ் வரை துண்டு துண்டாகப் பேசும் தாழ்ந்த சுற்றுப்பாதைத் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் ஏற்பியைத் திணறடித்து, அதற்குள்ளேயே உண்டாக்கிய போலி என்றே கருதுகிறேன்.

வடிகட்டி எல்லாவற்றையும் தீர்க்காது. 1411.2 மெகாஹெர்ட்ஸில் ஆடாமல் அசையாமல் நின்ற ஒரு கோடு, ஆன்டெனாவைக் கழற்றி அதனிடத்தில் 50 ஓம் முனைத்தடையை (வெளிச் சமிக்ஞை எதுவும் வராதபடி முனையை மூடும் மின்தடை) பொருத்திய பிறகும் அப்படியே இருந்தது, டாங்கிளின் உள்ளே துடிப்பு தரும் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் 49ஆவது மடங்கு அது. பெருக்கிக்கு மின்சாரம் ஆன்டெனாக் கம்பி வழியே மென்பொருளால் திறந்துவிடப்பட வேண்டும் என்பதைக் கையேடு ஒரு வரியிலும் சொல்லவில்லை. மின்சாரம் வருகிறதா என்று காட்ட ஒரு சிறு விளக்குகூட இல்லாததால், முதல் இரண்டு இரவுகள் வெறும் இரைச்சலையே பதிவு செய்தேன்.

செயற்கைக்கோள் தேடலையே முதன்மையாகக் கொண்டவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. 2005இல் மௌனமான நாசாவின் இமேஜ் என்ற செயற்கைக்கோளை 2018இல் அமெச்சூர் ஆர்வலர் ஸ்காட் டில்லி கண்டுபிடித்தது 2272.5 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில். இந்த வடிகட்டி அதை உள்ளேயே விட்டிருக்காது.