காஞ்சிப் பட்டா, மென்பட்டா? முகூர்த்தத்துக்கு எது எடுப்பு?

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் சித்தி மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க, புதுச்சேரி நேரு வீதிக்குப் போனோம். அவள் ஐந்தடிக்கும் குறைவு, பூசினாற்போல உடம்பு. கடைக்காரர் விரித்ததோ முழங்கால் வரை கரை ஏறிய காஞ்சிப் பட்டு.

காஞ்சிப் பட்டின் இழை முறுக்கேறியது, சரிகையும் கனம். அதனால் மடிப்பு விறைத்து நிற்கும். ஒல்லியாக, உயரமாக இருப்பவர்களுக்கு அது வரம். உடம்புக்கு ஒரு நிறைவு வரும். குட்டையானவர்களுக்கு அகலக் கரை உயரத்தைப் பாதியாக வெட்டிவிடும்.

மென்பட்டு உடம்போடு ஒட்டி வழியும். இடுப்பு மெலிந்து தெரியும், சரி. ஆனால் வயிறு இருந்தால் அதையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்!

என் கட்சி காஞ்சிப் பட்டுதான். ஆனால் நாலு விரல் கரை, அடர் நிறம், சின்னப் புட்டா. முதல் நாளே மடிப்பு எடுத்து இஸ்திரி போட்டுவிட்டால் அவ்வளவாக உப்பாது. ரவிக்கைக் கை முழங்கை வரை இருந்தால் கைப் பருமன் அடங்கும்.

மென்பட்டு வரவேற்புக்கு. வைகாசிக் கல்யாணம், கடலோரப் புழுக்கம். அதனால் மென்பட்டை அவளே கேட்டு வாங்கினாள்.