சூட்டில் அடம்பிடிக்கும் டீசல் கொரோலா: நொசிலா, சீல் கிட்டா, பழைய பம்பா?

மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இன்னும் ஓடுகிற 2சி எஞ்சின் கொரோலாக்களிலும், 2எல், 3எல் எஞ்சின் டொல்பின் வான்களிலும் எஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தள்ளுவது பெரும்பாலும் ஒரே வகைப் பம்ப்தான். உள்ளே ஒரேயொரு பிளஞ்சர், அதாவது தள்ளுதண்டு. அது சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய், சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீறவிடும் நான்கு நொசிலுக்கும் முறைவைத்து டீசலைத் தள்ளும். இந்தப் பம்புக்குத் தனியாக எண்ணெய் விடுவதில்லை. அதற்குள் ஓடும் டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்த காலத்தில், அதாவது 2022 ஓகஸ்ட்டில் 340 ரூபாயாகும் வரை, டீசலோடு அதைக் கலந்து ஓட்டியவர்கள் பலர். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. அன்று மிச்சம்பிடித்த காசைப் பல பம்புகள் பிறகு தேய்மானமாக வாங்கிக்கொண்டன.

வண்டி ஸ்டார்ட் வராமல் அடம்பிடித்தால் கராஜில் மூன்று வழி சொல்வார்கள்: நொசில் மாற்றலாம், பம்புக்குச் சீல் கிட் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்களின் தொகுதி) போடலாம், அல்லது கழற்றி விற்கிற பழைய பம்ப் ஒன்றை வாங்கிப் பூட்டலாம். எதற்குக் காசு கொடுப்பது என்பதை வண்டி எப்போது அடம்பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நான் அதைக் கேட்காமல் செலவழித்தேன்.

என் கார் காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் வரும். மாங்குளம் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினால், திரும்பி வந்து எவ்வளவு சுற்றினாலும் வராது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் வரும். ஒரு கராஜில் நான்கு நொசிலையும் மாற்றினார்கள். எஞ்சின் சத்தம் மென்மையானது, புகை குறைந்தது, ஆனால் அடம் போகவில்லை. அதன் பிறகு எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் பழகிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணை செய்த சோதனை இது. சூட்டில் நின்றுபோன வண்டியின் பம்ப் தலையில் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் வைத்தார். உடனே ஸ்டார்ட் வந்தது. சூடானால் டீசல் இளகும். தேய்ந்த பிளஞ்சரின் இடைவெளியால் அது கசிந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில் நொசிலைத் திறக்கப் போதிய அழுத்தம் எழாது. ஆறினால் டீசல் தடிக்கும், அழுத்தம் எழும். துணிதான் சுற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பம்பில் தண்ணீர் ஊற்றினால் இறுகிவிடலாம்.

இதற்கு எதிர்மாறாக, காலையில் மட்டும் வராமல் ஒருமுறை வந்த பிறகு நாள்முழுக்கச் சரியாக ஓடினால், பம்பைத் தொடாதீர்கள். பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பைச் சில தடவை அமுக்கியதும் ஸ்டார்ட் வருகிறதென்றால் எங்கோ குழாய்க்குள் காற்று புகுகிறது. பம்புக்கு வரும் குழாயில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் போட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும். பழைய ஹோஸ், கைப்பம்பின் டயபிரம் இரண்டும்தான் என் முதல் சந்தேகம். கான்களில் டீசல் வாங்கி வைக்கிறவர்கள் பில்டர் அடியிலுள்ள தண்ணீரையும் திறந்துவிட வேண்டும். அப்புறம், ஸ்டார்ட் பண்ணுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கைப் பாருங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நொசில் எப்போது சரியான தேர்வு? ஒரு சிலிண்டர் மட்டும் தட்டும்போது, கறுப்புப் புகை வரும்போது. ஐட்லிங்கில் ஒவ்வொரு குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. அந்த நேரம் கையைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறும் டீசல் தோலுக்குள் துளைத்துப் போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

சீல் கிட் வெளிக்கசிவுக்கு மட்டும். பம்பின் மேலுள்ள அக்சிலேட்டர் தண்டடியில் டீசல் ஊறினால் அதுதான் மலிவான, சரியான மருந்து. தேய்ந்த பிளஞ்சருக்கு அது உதவாது. பிளஞ்சரையும் அது ஓடும் ஹெட்டையும் (பம்ப் தலையை) சோடியாக மாற்ற வேண்டும். செலவு கூட.

அந்தச் செலவைக் கேட்டதும் பழைய பம்ப் கவர்ச்சியாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பம்பில் சீல் இறுகியிருக்கும், உள்ளே துரு இருக்கலாம், அதுவும் சூட்டு நோயாளியாகவே இருக்கலாம். மேசையில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பம்ப் ரூமில், அதாவது டீசல் பம்ப் திருத்தும் இடத்தில், பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிக் காட்டச் சம்மதிக்கிறவரிடம் வாங்கலாம், பம்பின் இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். சம்மதிக்காதவரிடம் எந்த விலைக்கும் வேண்டாம்.

நான் என் பம்பையே வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஹெட்டும் பிளஞ்சரும் மாற்றி, தள்ளும் டீசலின் அளவு பிடித்து எடுத்தேன். பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் இறக்க வேண்டும் என்பதால் புதுப் பெல்ட்டும் போட்டேன். பெல்ட்டின் ஆயுள் 1,00,000 கிலோமீற்றர்தான். அறுந்தால் வால்வு வளையும். பூட்டும்போது டைமிங்கை, அதாவது டீசல் பீறும் நேரத்தை, பிளஞ்சரின் அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், காதால் பிடிப்பது போதாது.

இப்போது மாங்குளத்தில் சாவியைக் கழற்றிக்கொண்டுதான் இறங்குகிறேன்.