பின் சில்லு பஞ்சர்: கழற்றாமல் முடிப்பதா, கழற்றுவதா?

மோட்டார் சைக்கிளில் பஞ்சர் என்றால் பெரும்பாலும் பின் சில்லுதான். வீதியில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சில்லு தட்டி நிமிர்த்திவிட்டுப் போகும்; பின்னால் வருவது அதை வாங்கிக்கொள்ளும். பாரமும் பின்னுக்குத்தான் கூட, தேய்வதும் பின் டயர்தான் முதலில். மழை நாளில் இன்னும் மோசம். நனைந்த ரப்பருக்குள் கூரான எதுவும் இலகுவாக இறங்கிவிடும், தண்ணீர் நிற்கிற பள்ளத்துக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. டயர் கடைக்காரர்களே ஆணி தூவுகிறார்கள் என்ற கதை கொழும்பிலும் உண்டு. ஒழுங்கைக்கு ஒழுங்கை மாடிக் கட்டடம் எழும்பும் வெள்ளவத்தையில் அதற்காக அவர்கள் மெனக்கெடத் தேவையே இல்லை.

சரி, காற்றுப் போய்விட்டது. பிளக் அடிக்கலாம், ஜெல் ஊற்றலாம், உள்ளிருந்து ஒட்டலாம், டியூப் போடலாம், டயரையே மாற்றலாம். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் இவற்றை இரண்டாகப் பிரிப்பேன்: சில்லைக் கழற்றாமல் முடிகிற வேலை, கழற்றியே ஆகவேண்டிய வேலை. முன் சில்லு என்றால் இந்தப் பிரிவினை அவ்வளவு முக்கியமில்லை. பின் சில்லில் செயின், பிரேக் கம்பி, பிரேக் தட்டைப் பிடிக்கும் கை, ஆக்சிலில் கோத்த சிறு குழல்கள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ஸ்கூட்டர்கள் பலவற்றில் சைலன்சரைக் கழற்றாமல் பின் சில்லு வெளியே வராது. ஆகவே சின்ன விஷயத்துக்குக் கழற்றக் கூடாது. கழற்றினால் பெரிய வேலையாக முடித்துவிட வேண்டும்.

முதலில் உங்களுடையது டியூப்லெஸ்ஸா, அதாவது உள்ளே டியூப் இல்லாத டயரா, இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண கம்பிச் சில்லு என்றால் உள்ளே டியூப்தான். ஆனால் அலோய் ரிம் என்றதும் டியூப்லெஸ் என்று முடிவுகட்டக் கூடாது. பழைய பல்சர், சீடி 100 போன்றவற்றில் அலோய்க்குள்ளும் டியூப் இருக்கும். டயரின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், குனிந்து பார்த்தால் போதும்.

டியூப்லெஸ் டயருக்குக் கழற்றாமல் முடிகிற வேலைகளில் முதல் இடம் கயிற்றுப் பிளக்குக்குத்தான். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். அரம் போன்ற ஊசியை அதே சாய்வில் விட்டுத் திருகி, துளையைச் சுத்தமாக்க வேண்டும். பிறகு பசை பூசிய கயிற்றை மற்ற ஊசியில் கோத்து, இரண்டு நுனியும் ஒரு விரல் அகலம் வெளியே நிற்கும்வரை உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் சடாரென்று இழுக்க வேண்டும். மிச்சத்தை டயரோடு ஒட்ட வெட்டக் கூடாது, கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். காற்றடித்ததும் கடைக்காரர் எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அருவருப்பாக இருந்தாலும் பிழையில்லாத சோதனைதான். கைப்பழக்கம் உள்ளவருக்குப் பத்து நிமிட வேலை, சில்லு இருந்த இடத்திலேயே இருக்கும்.

குறை என்னவென்றால், கயிறு துளையை அடைக்கிறதே தவிர, டயரின் உட்புறத்தை ஒட்டுவதில்லை. ஆணி சாய்ந்து ஏறி உள்ளே நூலிழையை வெட்டியிருந்தால் வெளியிலிருந்து அது தெரியாது. துளை தரையில் படும் பகுதியில், 6 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாக இருந்தால் மட்டும் பிளக். பக்கச்சுவரில் என்றால் எந்த ஒட்டும் வேண்டாம். ஓடும்போது வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது, எதைச் செருகினாலும் தங்காது. ஊருக்குள் 50க்கு மேல் போக இடமுமில்லை, அனுமதியுமில்லை. அப்படி ஓடும் பைக்குக்கு நடுப்பகுதிப் பிளக் நன்றாகவே உழைக்கும். கண்டி, யாழ்ப்பாணம் என்று ஏற்றிக்கொண்டு போகிறவர் அதை நம்பி இருக்கவேண்டாம்.

ஜெல்லை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முன்கூட்டியே ஊற்றி வைத்தால் சின்ன ஆணித் துளையை ஓட்டத்திலேயே அடைத்துவிடும், இரவு தனியாக ஓடும் பெண்களுக்கும் டெலிவரிப் பையன்களுக்கும் அது பெரிய காரியம்தான். ஆனால் துளை விழுந்ததே தெரியாமல் போய்விடுகிறது. பிறகு டயரைத் திறக்கும்போது உள்ளே முழுக்கப் பசைக்குழம்பு, ஒட்டுப் போடவந்தவர் முகத்தைச் சுளிப்பார். டியூப் உள்ள டயரில் இது இன்னும் பலவீனம். டியூப் இழுபட்டுக் கிழிந்தால் எந்த ஜெல்லும் நிற்காது.

இனிக் கழற்றும் வேலைகள். டியூப்லெஸ் டயரை ரிம்மிலிருந்து எடுத்து, உட்புறத்தைத் தேய்த்து, காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து வெளியே இழுத்து ஒட்டுவதுதான் முறையான வைத்தியம். தண்டு துளையை நிரப்பும், தலை உட்புறத்தை மூடும். கூடவே டயரின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடிகிறது. காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தால் உட்சுவர் உரசி ரப்பர்த் தூள் உதிர்ந்திருக்கும். அப்படி இருந்தால் ஒட்டுவதற்குக் கொடுக்கும் காசு வீண். எல்லாக் கடையிலும் இந்த ஒட்டைப் போடமாட்டார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் வேறு: "அண்ணே, ஒரு டியூபைப் போட்டு விடட்டா? பிறகு கரைச்சல் இல்லை." கரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் கசியும், மெதுவாக வீடு வந்து சேரலாம். உள்ளே டியூப் வந்ததும் அந்த நன்மை போய்விடுகிறது. கிழிந்தால் காற்று ஒரேயடியாகப் போகும். பழைய பிளக்கின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே டியூபை அரித்துவிடும். சூடும் கூடும். ரிம்மின் வால்வுத் துளை டியூப் வால்வைவிடப் பெரிது, அதற்கு ஒரு வளையம் போடாவிட்டால் வால்வு ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளத்தில் விழுந்து ரிம்மின் விளிம்பே நெளிந்து காற்று அங்கே கசிகிறது என்றால் மட்டும், புது ரிம் வாங்கும்வரை டியூபைச் சகித்துக்கொள்ளலாம்.

டியூப் வண்டிக்காரருக்குக் கழற்றுவதா வேண்டாமா என்ற தெரிவே இல்லை, டயரின் ஒரு பக்கத்தையாவது ரிம்முக்கு வெளியே எடுத்தே ஆகவேண்டும். ஒட்டில் இரண்டு வகை: பசை பூசி அழுத்தும் பச்சை ஒட்டு, இடுக்கியில் இறுக்கிச் சூடாக்கும் வல்கனைஸ் ஒட்டு. சூட்டு ஒட்டு டியூபோடு ஒன்றாகிவிடும், பின் சில்லின் சூட்டுக்கும் பாரத்துக்கும் அதுதான் தாங்கும். ஆனால் அவசரத்தில் அதிகமாகச் சூடாக்கினால் ஒட்டைச் சுற்றி டியூப் மெலிந்துபோகும். எத்தனை ஒட்டுவரை போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சில்லைக் கழற்றிய கூலியையும் புது டியூபின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு ஒட்டு இருந்தால் நான் புது டியூபையே போடுவேன். வால்வின் அடி கிழிந்திருந்தால் பேச்சே இல்லை, அதை ஒட்ட முடியாது. அது கிழிவது பெரும்பாலும் பஞ்சரால் அல்ல, பஞ்சருக்குப் பிறகு ஓட்டியதால். முதல் கியரில் போட்டுப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போகிறார்களே, அப்போதும் எஞ்சின் ரிம்மைத்தான் சுற்றுகிறது; டயர் பின்தங்கும், டியூப் வால்வைப் பிடித்து இழுக்கும். தள்ளுவதானால் நியூட்ரலில் தள்ளுங்கள். தூரம் அதிகமென்றால் சின்னப் பட்டா லொறி ஒன்றைப் பிடிப்பது, புது டியூபும் டயரும் வாங்குவதைவிட மலிவாகவே முடியும்.

ஒட்டைவிட நான் அதிகம் பயப்படுவது சில்லைத் திரும்பப் பூட்டும் விதத்துக்குத்தான். கடையில் வரிசை நிற்கும்போது கடைசி இரண்டு நட்டுகள் அவசரத்தில் போகும். டிரம் பிரேக் என்றால், பிரேக் தட்டை, பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு பிடித்திருக்கும் கையின் நட்டைப் பாருங்கள். அது கழன்றால் பிரேக் பிடிக்கும்போது தட்டே சுழன்று சில்லு இறுகிவிடும். செயின் அட்ஜஸ்டரின் குறி இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறதா, செயினை விரலால் தூக்கினால் கையேட்டில் சொன்ன அளவுதான் ஆடுகிறதா, டயரின் அம்புக்குறி ஓடும் திசையைக் காட்டுகிறதா என்றும் ஒரு பார்வை. "பாஸ், இந்த நட்டை ஒருக்கா இறுக்கிப் பாருங்க" என்றால் யாரும் கோபிப்பதில்லை. காற்றின் அளவையும் சொல்லியே அடியுங்கள். பல்சர் 150 என்றால் பின்னுக்குத் தனியாகப் போக 28, பின்னால் ஆள் இருந்தால் 32 பீஎஸ்ஐ. சும்மா விட்டால் 40ஐத் தாண்டி அடித்துவிடுவார்கள்.

புது டயர் என்பது எல்லாருக்கும் கசக்கும் தெரிவு. 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் ரப்பர் நட்ட நாடு இது. ஆனாலும் 2020இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, 2022இல் ரூபாவும் விழுந்தபின், தேய்ந்த டயரில் ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஓடுவது கொழும்பில் பழக்கமாகிவிட்டது. வரிப்பள்ளத்துக்குள் இருக்கும் தேய்வுக் குறியோடு டயர் சமமாகிவிட்டால் அதற்கு உள்ளொட்டும் வேண்டாம், புது டியூபும் வேண்டாம். மெலிந்த ரப்பரில் அடுத்த ஆணிக்கு அதிக நாள் எடுக்காது. கழற்றிய கையோடு மாற்றிவிடுங்கள், ஒரு கூலி மிச்சம்.

இத்தனைக்கும் மேல் ஒன்று: இந்தத் தெரிவுகளெல்லாம் கடை திறந்திருக்கும் நாளுக்குத்தான். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் டயர்க் கடைப் பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள், காலி வீதியில் (Galle Road) ஒரு கடை திறந்திருந்தால் அதிர்ஷ்டம். அந்த நாட்களில் டியூப்லெஸ்காரர் இருக்கைக்குக் கீழே பிளக் பெட்டியும் சின்னக் காற்றுப் பம்பும் வைத்திருப்பது நல்லது. ஆணி ஏறியும் காற்று நிற்கிறதென்றால் அதைப் பிடுங்காமல் மெதுவாக வீட்டுக்குப் போய்விடலாம். பெட்டியில் உள்ள பசைக்குழாய் ஒருமுறை திறந்தால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் நாளாவட்டத்தில் காய்ந்துவிடும். பங்குனி முடிவதற்குள் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.