லண்டன், மாஸ்கோ: இரண்டு வட்டப் பாதைகள்

1884-இல் முழுமை பெற்ற லண்டன் சுரங்க ரயிலின் வட்டப் பாதை, நீராவி ரயில்களுக்காகத் தெருவைத் தோண்டி மேலே மூடிக் கட்டப்பட்டது; படியிறங்கினால் சீக்கிரமே நடைமேடை வந்துவிடும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் தண்டவாளத்தை டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன் ஆகிய வேறு தடங்களின் ரயில்களோடு பகிர்ந்துகொள்வதால், ஒரு சந்திப்பில் நேரும் தாமதம் மற்றத் தடங்களுக்கும் பரவுகிறது. கடைசி நிலையமே இல்லாத வட்டத்தில் அதை ஈடுகட்ட இடமில்லாததால், 2009-இல் வட்டத்தைத் துண்டித்து ஹாமர்ஸ்மித் வரை நீட்டினார்கள்.

மாஸ்கோ மெட்ரோவின் வட்டப் பாதையான கோல்ட்செவயா, 1950 முதல் 1954 வரை மூன்று கட்டங்களாகத் திறக்கப்பட்டது. 12 நிலையங்கள், சுமார் 19 கிலோமீட்டர், தனக்கே உரிய தண்டவாளம். நீண்ட நகரும் படிகளில் ஆழத்துக்கு இறங்க வேண்டும். கோம்சோமோல்ஸ்கயா நிலையத்தின் மஞ்சள் கூரையும் மொசைக் ஓவியங்களும் இறங்க ஆகும் நேரத்துக்கு ஈடுசெய்கின்றன. வட்டப் பாதைக்குத் தனித் தண்டவாளமே உயிர்நாடி என்பதால், நான் மாஸ்கோவின் பக்கமே நிற்பேன்.